சுரூபத்துக்குப் பரிகாரம்

சுகிர்தாவின் இடது கை உடைந்த அதே ஐந்து நிமிடத்துக்குள்தான் மிக்கேல் சம்மனசின் வலது கையும் உடைந்தது. உடைத்தது ஒரே ஆள், ஒரே கம்பி. ஆனால் அடுத்த பத்து நாளும் ஞானக்கண்டிகையில் பேச்சு முழுவதும் சம்மனசின் கையைப் பற்றித்தான்.

ஞானக்கண்டிகை, கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. முந்தைய தலைமுறைகள் பொன்னேரிப் பக்கம் கூலிக்கு நாற்று நட்டார்கள். இப்போதுள்ளவர்கள் உருக்காலை, கேபிள் கம்பெனி, பெயின்ட் கம்பெனி என்று மூன்று ஷிப்டிலும் பஸ் ஏறுகிறார்கள். ஊருக்கு நடுவில் ஓட்டுக்கூரை போட்ட கோயில். வாசல் பலகையில் 'புனித மிக்கேல் அதிதூதர் ஆலயம்' என்று எழுதியிருந்தாலும் ஊர்க்காரர்களுக்கு அவர் சம்மனசுதான்.

அந்தக் கோயிலின் சாவி பதினான்கு வருடம் சுகிர்தாவின் இடுப்பில் இருந்தது. அவள் அப்பா பாக்கியநாதன் அங்கே உபதேசியார். சாமியார் வராத நாளில் செபம் சொல்வதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்றுக்கொடுப்பதும், சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பதும் அவர் வேலை. அவர் இறந்தபோது கோயிலில் எது எங்கே இருக்கிறது, எதை எப்படித் தொட வேண்டும் என்று அவளைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. சாவி தானாக அவளிடம் வந்து சேர்ந்தது.

அவளுக்கு எல்லாம் தெரியும். பீடம் பர்மா தேக்கு. ஓர் ஆணி இல்லாமல் இழைத்துப் பூட்டியது. 1899-ல் பிரெஞ்சு சாமியார் ஒருவர் பஞ்சத்தில் பிழைத்தவர்களுக்கு அரிசியைக் கூலியாகக் கொடுத்துக் கோயிலைக் கட்டினார். மணி கப்பலில் வந்து, பழவேற்காட்டிலிருந்து மாட்டு வண்டியில் வந்தது. அதைக் கோபுரத்தில் ஏற்றும்போது வடம் அறுந்து, கீழே நின்ற ஒரு கூலிக்காரனின் மேல் விழுந்தது. அவன் பெயரை எங்கேயும் எழுதவில்லை. மணியின் விளிம்பில் இருப்பது அதை வாங்கிக் கொடுத்த பிரெஞ்சுச் சீமாட்டியின் பெயர். சம்மனசின் சுரூபம், சுண்ணாம்பில் வார்த்த சிலை, வைக்கோல் அடைத்த பெட்டியில் வந்தது. நாலரை அடி உயரம். கால் சாத்தானின் கழுத்தில், ஓங்கிய வலது கையில் வாள். வாள் மட்டும் பித்தளை, கழற்றித் துலக்கலாம்.

கோயிலின் நடுவே, வாசலிலிருந்து பீடம் வரைக்கும் இடுப்பளவு மரக் கிராதி ஒன்று ஓடியது. இடப்பக்கம் மேல்தெருக்காரர்கள், வலப்பக்கம் காலனிக்காரர்கள். 1993-ல் பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்குக்குக் காலனியிலிருந்தும் ஆறு பேரை உட்கார வைக்க வேண்டும் என்று பாக்கியநாதன் கேட்டார். மேல்தெருக்காரர்கள் அவரைக் கோயில் வாசலிலேயே போட்டு மிதித்தார்கள். அடுத்த கால் மணி நேரத்தில் காலனி ஆண்கள் கடப்பாரையோடு வந்தார்கள். கிராதியைப் பெயர்த்து, பெயர்த்த கட்டையாலேயே அடித்தார்கள். செங்கல் பறந்தது, மண்டைகள் உடைந்தன. ஒருவருக்கு ஒரு கண் போயிற்று. சுகிர்தாவுக்கு அப்போது ஒன்பது வயது. ஞானஸ்நானத் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள். அப்பாவின் வெள்ளைச் சட்டை கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் சிவந்துபோனது அவளுக்கு மறக்கவில்லை.

அதற்குப் பிறகு கிராதி திரும்ப வைக்கப்படவில்லை. உடைந்த மரத்தில் பாக்கியநாதன் ஒரு தச்சரை வைத்து, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனக் கூண்டு ஒன்றைச் செய்துவிட்டார். மேல்தெருக்காரர்கள் வேறு பங்குக் கோயிலுக்குப் போனார்கள். கோயில் காலனிக்கு மிஞ்சியது.

அன்று கண்ணை இழந்தவரின் மூத்த மகன்தான் ஸ்டீபன். கோயிலுக்காகக் கண்ணைக் கொடுத்த வீட்டில் பெண்ணைக் கொடுப்பது பாக்கியநாதனுக்குப் பெருமையாக இருந்தது. நோயில் கிடந்தபடியே பேசி முடித்தார். அவர் போன மறுவருடம், 2004-ல் கல்யாணம் நடந்தது.

ஸ்டீபன் சிப்காட்டில் ஓர் உருட்டாலையில் வேலை செய்தான். பழுக்கக் காய்ச்சிய இரும்பு பாம்பு மாதிரி உருளைகளுக்கு நடுவிலிருந்து பாய்ந்து வரும். அதை இடுக்கியால் பிடித்து அடுத்த உருளைக்குள் திருப்பிவிட வேண்டும். ஒரு நொடி பிசகினால் தொடையைத் துளைத்துக்கொண்டு போகும். அப்படி இரண்டு பேர் போனதை அவன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். வேலையிடத்தில் அவன் வாய் திறக்க மாட்டான், யாரோடும் சண்டையில்லை. எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

முதல் அடி கல்யாணமான இரண்டாவது மாதம் விழுந்தது. அவன் ஷிப்டு முடிந்து வந்த நேரத்தில் அவள் கோயிலில் பீடத்துணி மாற்றிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். "குடிச்சா அடிக்கிறான், மத்தபடி நல்லவன்" என்று ஊர் சொன்னது. குடிக்காத நாளில்தான் குறி தவறாமல் அடிப்பான் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். பெல்ட், சப்பாத்திக் கட்டை, ஒரு தடவை குக்கர் மூடி. முகத்தை மட்டும் விட்டுவிடுவான், ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லாரும் பார்ப்பார்கள் என்பதற்காக.

தாங்க முடியாதபோது அவள் கோயிலுக்கு ஓடுவாள். சாவி அவளிடம் இருந்ததால் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்வாள். பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள், சாமியார் உட்காரும் பலகையில் உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். பிறகு எழுந்து புளி போட்டு மெழுகுதிரித் தண்டுகளைத் துலக்குவாள், அணையா விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவாள். அவன் தணிந்திருப்பான் என்று தோன்றும்போது வீட்டுக்குப் போவாள். ஸ்டீபனும் அங்கே மட்டும் அவளைத் துரத்தி வந்ததில்லை. அப்படிப் பதின்மூன்று வருடம் ஓடியது. மகள் சோனியா ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

2017 செப்டம்பரில் பக்கத்துக் கேபிள் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் பெண்கள் எடுத்தார்கள். சுகிர்தா ஸ்டீபனிடம் சொல்லாமல் எழுதிப் போட்டாள். வேலை கிடைத்தது. அது அவன் காதுக்குப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. மறுவாரம் சம்மனசு திருவிழா. அவள் ஏணி போட்டு சுரூபத்தின் வாளைக் கழற்றித் துலக்கி, திரும்ப மாட்டிக்கொண்டிருந்தாள். மத்தியானம் மூன்று மணி.

கதவு திறந்து வெளிச்சம் விழுந்ததும் திரும்பினாள். ஸ்டீபன் நின்றான். கையில் ஆலையிலிருந்து கொண்டுவந்த முறுக்குக் கம்பி, முழங்கை நீளம்.

"எறங்கு."

"இங்க வோணாம். ஊட்டுக்கு வரேன், நீ போ."

"கம்பெனிக்குப் போறியா நீ? எவன் கூப்ட்டான் ஒன்ன?"

அவன் ஏணியை உதைத்தான். அவள் பீடத்துப் படியில் விழுந்தாள். எழுவதற்குள் கம்பி இறங்கியது. தலையைக் காக்கத்தான் அவள் இடது கையைத் தூக்கினாள். காய்ந்த முருங்கைக் கொம்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் மடங்கித் தொங்கியது. அடுத்த அடி தோளில், அதற்கடுத்தது முதுகில். அவள் சுரூபத்தின் மேடைக்குப் பின்னால் ஊர்ந்துபோனாள். அவன் அவளைக் குறி வைத்து வீசியதில் கம்பி சம்மனசின் கையில் பட்டது. சுண்ணாம்புக் கை தோளோடு பெயர்ந்து, வாளோடு கீழே விழுந்து சிதறியது. அதைப் பார்த்து அவன் நிற்கவில்லை. சிலுவைப்பாதைப் படங்களின் கண்ணாடியை வரிசையாக உடைத்துக்கொண்டே அவளைத் துரத்தினான்.

பீடத்தின் அடியில் மூன்றடி உயரப் பித்தளை மெழுகுதிரித் தண்டு ஒன்று உருண்டு கிடந்தது. சுகிர்தா அதை வலது கையால் எடுத்தாள். அவன் குனிந்து அவள் முடியைப் பிடித்தபோது, தண்டின் அடிப்பாகத்தால் அவன் முழங்காலில் ஓங்கி அடித்தாள். அவன் அலறிக்கொண்டு சாய்ந்தான். மறுபடி காதோரத்தில் ஓர் அடி. ரத்தம் பீச்சியது. மூன்றாவது அடிக்கு ஓங்கியவள் ஏனோ நிறுத்தினாள். "அப்ப நிறுத்தலன்னா கொன்னிருப்பேன்" என்று பின்னாளில் அவளே சொல்லியிருக்கிறாள், எந்த வருத்தமும் இல்லாமல்.

வாசலுக்கு ஓடி மணிக்கயிற்றைப் பிடித்தாள். ஒரு கையால் இழுத்தால் மணி சரியாக அடிக்காது. கயிற்றை வலது கையில் சுற்றிக்கொண்டு, முழு உடம்பையும் தொங்கவிட்டு இழுத்தாள். விட்டுவிட்டு அடித்தது. சாவு மணி என்று நினைத்துக்கொண்டு ஊர் ஓடிவந்தது.

உள்ளே வந்தவர்கள் முதலில் பார்த்தது சுரூபத்தை. "ஐயோ, சம்மனசே!" என்று பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். யாரோ ஒரு புது வேட்டியைக் கொண்டுவந்து, கையில்லாத தோளை மூடினார்கள். ஒருவர் உடைந்த துண்டுகளைப் பொறுக்கித் தாம்பாளத்தில் வைத்தார். ஆண்கள் ஸ்டீபனை வெளியே இழுத்துப்போய்க் கொடிமரத்தில் கட்டினார்கள்.

"சாமி மேலயே கைய வெச்சிட்டியாடா!" என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். செருப்பு, கட்டை, கைக்குக் கிடைத்த எல்லாம். பல் இரண்டு தெறித்தது. அடித்தவர்களில் ஒருவர்கூட சுகிர்தாவின் பெயரைச் சொல்லவில்லை.

அவள் மணிக்கயிற்றுக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்தது சின்னப்பொண்ணு என்பவள் மட்டும்தான். பெரியபாளையம் அம்மன் கோயிலுக்கும் இந்தக் கோயிலுக்கும் மாலை கட்டிக் கொடுக்கும் பூக்காரி. திருவிழா மாலைக்கு அளவெடுக்க வந்தவள்.

"இன்னாமே இது, கை இப்டி தொங்குது? இத்தினி பேரு இருந்தும் ஒருத்தனுக்கும் கண்ணு தெரில?" என்று கத்திக்கொண்டே தன் முந்தானையைக் கிழித்துக் கையைக் கட்டினாள். ஷேர் ஆட்டோவில் ஏற்றிப் பொன்னேரி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். முன்கை எலும்பு இரண்டும் முறிந்திருந்தன. மறுநாள் தகடு வைத்துத் தைத்தார்கள்.

மூன்றாம் நாள் பங்குச் சாமியார் அன்புசெல்வன் பார்க்க வந்தார். குருப்பட்டம் வாங்கி இரண்டு வருடம் ஆகாத இளைஞர். கட்டிலோரம் நின்று கொஞ்ச நேரம் தயங்கினார்.

"பீடத்துக்கு முன்னால ரத்தம் விழுந்திருக்கும்மா. பரிகாரச் செபம் செய்யாம அங்க பூசை வைக்கக் கூடாது. ஆயர் இல்லத்துலேர்ந்து பெரிய சாமியார் ஒருத்தர் வர்றாங்க."

"அந்த ரத்தம் யார்துன்னு செபத்துல சொல்வீங்களா சாமி?"

அவர் ஜெபமாலை ஒன்றைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் பந்தல் போட்டுப் பரிகாரச் செபம் நடந்தது. அதன் பிறகு அங்கேயே ஊர்க் கூட்டம். சுகிர்தா கட்டுப்போட்ட கையோடு சோனியாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். கமிட்டிச் செயலாளர் அந்தோணி எழுந்தான். ஸ்டீபனின் தம்பி. தீர்மானத்தை அவன்தான் வாசித்தான். ஸ்டீபன் நாற்பது நாள் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு கோயில் வாசலில் முழந்தாளிட வேண்டும். சுரூபத்தைச் சரிசெய்யப் பாண்டிச்சேரியிலிருந்து ஆள் வரவழைக்கும் செலவு அவனுடையது. போலீசுக்கு யாரும் போகக் கூடாது. கோயில் சாமானை எடுத்து அடித்ததற்காகவும், சாவு மணி அடித்து ஊரைக் கலைத்ததற்காகவும் சுகிர்தா சாவியை ஒப்படைக்க வேண்டும்.

"அண்ணி, தப்பா நெனச்சிக்காத," என்றான் அந்தோணி. "புருசன் பொண்டாட்டி சண்டைய நீ கோயிலுக்குள்ள இட்டாந்துட்ட. அதான் பேஜாரா பூட்ச்சி."

"நானு இட்டாரல அந்தோணி. நா இங்க வேல செஞ்சிக்கினு இருந்தேன். கம்பி எடுத்துக்கினு வந்தது ஒங்கண்ணன்."

"சரி, அதுக்குத்தான் அவனுக்குப் பரிகாரம் போட்டோமே."

"சம்மனசு கைக்குப் போட்டீங்க. என் கைக்கு இன்னா போட்டீங்க?"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. "வாய் ஜாஸ்தி" என்று யாரோ சொன்னார்கள். அவள் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்தாள். ஒற்றைக் கையால் அவிழ்க்க நேரமானது, யாரும் உதவவில்லை.

"எங்க நைனாவ இந்த வாசல்ல போட்டு மிதிச்சப்ப, எங்களுக்கும் ஒடம்புதானே வலிக்குதுன்னு கேட்டுத்தான் நீங்கல்லாம் கடப்பார எடுத்தீங்க. இன்னிக்கு நா கேக்கறேன், ஒருத்தரும் எழுந்துக்கல."

சாவியைச் சாமியாருக்கு முன்னால் இருந்த மேசையில் வைத்துவிட்டு, சோனியாவின் கையைப் பிடித்து நேராகக் காவல் நிலையத்துக்கு நடந்தாள். மாலைக்குள் ஸ்டீபன் கைதானான்.

அதன் பிறகு ஊர் அவளை அடித்தது. கூரையில் கல் விழுந்தது. குழாயடியில் அவள் குடத்தை எட்டி உதைத்தார்கள். பூசையில் சமாதானம் சொல்லும் நேரம் அவள் கைகூப்பித் திரும்பினால் பக்கத்திலிருப்பவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் சோனியாவை "அப்பன ஜெயிலுக்கு அனுப்ச்சவ பொண்ணு" என்று சொல்லித் தள்ளிவிட்டதில் அவளுக்கு நெற்றியில் நாலு தையல். கை கூடிய பிறகு சுகிர்தா கேபிள் கம்பெனிக்கு பஸ் ஏறினாள். அங்கே யாருக்கும் சம்மனசைத் தெரியாது. அந்த எட்டு மணி நேரம்தான் அவளுக்கு நிம்மதி.

ஸ்டீபன் ஜாமீனில் வந்தது ஜனவரியில். தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டான், வாசலில் மெழுகுதிரியும் பிடித்தான். முழந்தாளிட முடியாமல் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பான். அந்தக் காலைப் பார்த்து ஊர் இரங்கியது. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். சுகிர்தாவும் சோனியாவும் கடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். சந்து முனையில் அவன் நின்றான். கையில் கறிக்கடை வெட்டுக்கத்தி.

"கேஸ வாபஸ் வாங்கறியா, இல்லியா?"

அவள் சோனியாவை இழுத்துக்கொண்டு ஓடினாள். கால்கள் பழக்கப்படி கோயில் பக்கம் போயின. பெரிய கதவு திறந்திருந்தது. உள்ளே அந்தோணியின் மனைவி பூமிகா பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது சாவி அவளிடம்தான். ஓடிவருகிறவளையும் பின்னால் நொண்டிக்கொண்டே வருகிறவனையும் அவள் பார்த்தாள். கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டாள்.

"பூமிகா! தொற! கொயந்தையாச்சும் உள்ள உடு!"

சுகிர்தா இரண்டு கையாலும் கதவை அறைந்தாள். எண்ணெய் போட்டுப் போட்டு அவளே பழக்கி வைத்திருந்த கீல், சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டிருந்தது. திரும்பினாள். சோனியாவைக் கதவோடு ஒட்டி நிறுத்தி, தன் உடம்பால் மறைத்துக்கொண்டாள். முதல் வெட்டு அவள் தலையில் சறுக்கி, காதுக்கு மேல் தோலைச் சீவிக்கொண்டு போனது. கண்ணில் ரத்தம் இறங்கி ஒன்றும் தெரியவில்லை. தெருவில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் நின்றார்கள். ஒருவரும் நகரவில்லை. சின்னப்பொண்ணு மட்டும் கையிலிருந்த தண்ணீர் வாளியை அவன் முதுகில் வீசினாள். அவன் அசையவில்லை.

பக்கவாட்டில் சாமியார் அறைக் கதவு திறந்தது. அன்புசெல்வன் பனியனோடு ஓடிவந்து நடுவில் விழுந்தார். இரண்டாவது வெட்டு அவருடைய தோளில் இறங்கியது. எலும்பில் சிக்கிக்கொண்ட கத்தியை ஸ்டீபன் உருவப் பார்க்கும்போது ஆண்கள் பாய்ந்தார்கள்.

"சாமியார வெட்டிட்டான்டா!"

அன்று விழுந்த அடியில் ஸ்டீபனின் விலா எலும்பு மூன்று உடைந்தது. போலீஸ் ஜீப் வந்திராவிட்டால் உயிர் போயிருக்கும்.

ஊரே ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து சாமியாருக்காக ஜெபமாலை சொன்னது. சுகிர்தா பெண்கள் வார்டில் தலையில் கட்டோடு கிடந்தாள், மகள் காலடியில். சாயங்காலம் பூமிகா வந்தாள். வந்தவள் கட்டிலைத் தொடாமல் சுவரோரமாக நின்று அழுதாள்.

"பயமாயிட்ச்சிக்கா. உள்ள இருவது புள்ளைங்க. அவுரு உள்ள பூந்துட்டா இன்னா பண்றதுன்னு…"

"சோனியாவும் புள்ளதான் பூமிகா."

பூமிகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். ஆனால் மறுநாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள். சோனியாவுக்கு நாஷ்டா கொண்டுவந்தாள். தலைவாரிவிட்டாள்.

ஆறு வாரம் கழித்து அன்புசெல்வன் ஒரு கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பூசை வைத்தார். பிரசங்கத்துக்கு எழுதி வந்த தாளை மடித்து வைத்துவிட்டுப் பேசினார். "என்ன வெட்டினப்போ நீங்க எல்லாரும் அழுதீங்க. அதுக்கு நன்றி. சுகிர்தாவுக்குக் கை உடைஞ்சப்போ நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவங்க கையைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல, கோயிலப் பத்திப் பேசிட்டு வந்தேன். அந்தப் பாவத்தை இங்க எல்லாருக்கும் முன்னால சொல்லிடறேன்." பாதிப் பேர் தலையைக் குனிந்தார்கள். நாலைந்து பேர் எழுந்து வெளியே போனார்கள். அவர்களில் அந்தோணியும் ஒருவன்.

வழக்கு மூன்று வருடம் நடந்தது. சாமியாரும் சாட்சி சொன்னார். கேட்டவர்கள் எதிர்பார்க்காதது பூமிகாவின் சாட்சி. கூண்டில் ஏறி, தன் கணவனின் அண்ணனுக்கு எதிராக, கதவைத் தான் தாழ் போட்டது உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்டீபனுக்கு ஏழு வருடம் கிடைத்தது. தீர்ப்பன்று கோர்ட் வராந்தாவில் அவன் சுகிர்தாவைப் பார்த்து, "நிம்மதியா இப்போ?" என்றான். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆமா" என்றாள்.

அதன் பிறகு அவள் பொன்னேரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு வந்துவிட்டாள். கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் ஆனாள். சோனியா நர்சிங் சேர்ந்தாள். ஞானக்கண்டிகைக்குத் திருவிழாப் பூசைக்கு மட்டும் போவாள். சாவியை யாரும் திரும்பக் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

2024-ல் கோயிலுக்கு நூற்று இருபத்தைந்து வருடம். விழா மலர் போட வேண்டும். கோயில் வரலாறு எழுத உட்கார்ந்தபோது கமிட்டியில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பழைய பதிவேடுகளைக் கரையான் தின்றிருந்தது. கடைசியில் அந்தோணியும் பூமிகாவும் பொன்னேரிக்கு வந்தார்கள். சுகிர்தா டீ போட்டுக் கொடுத்தாள். பிறகு இரண்டு மணி நேரம் சொன்னாள், பூமிகா நோட்டில் எழுதினாள். பீடம், மணி, மணி நசுக்கிய ஆள், கிராதி, கிராதிக்காக உடைந்த மண்டைகள், கண் போனவர், கூண்டு எந்த மரத்தில் செய்தது, எல்லாம். அதே குரலில் மேலே போனாள். 2017 செப்டம்பரில் பீடத்துக்கு முன்னால் யார் யாரை எதனால் அடித்தார்கள், அடுத்த பிப்ரவரியில் பெரிய கதவுக்கு வெளியே என்ன நடந்தது, உள்ளே யார் இருந்தார்கள்.

பூமிகாவின் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு அதையும் எழுதியது.

"அண்ணி, இது வரலாறு. அதெல்லாம் குடும்ப விசயம்," என்றான் அந்தோணி.

"மண்ட ஒடைஞ்சது வரலாறு, கண்ணு போனது வரலாறு. நா மட்டும் குடும்ப விசயமா?"

"அண்ணனோட பேரு வந்தா ஊர்ல…"

"பேரு வோணாம்னா வுட்ரு. ஆனா போட்டா முழுசா போடு. பாதி போடறதா இருந்தா நா சொன்னது ஒண்ணும் வோணாம்."

கமிட்டி மூன்று தடவை கூடிப் பேசியது. மலர் வெளிவந்தபோது ஆலய வரலாறு பதினோரு வரி இருந்தது. பிரெஞ்சு சாமியார் வந்தார், கட்டினார், புதுமைகள் பல நடந்தன. மிச்சப் பக்கம் முழுவதும் ஹார்ட்வேர் கடை, ஜவுளிக் கடை, ரியல் எஸ்டேட் விளம்பரம்.

விழா முடிந்த மறுவாரம் பூமிகா அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பொன்னேரிக்கு வந்து ஜெராக்ஸ் எடுத்தாள். முப்பது பிரதி. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்குக் கொடுத்து, ஆளுக்கு ஒரு பத்தியாகச் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்தோணி வீட்டுக்கு வந்து, பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போதே சோற்றுத் தட்டைச் சுவரில் வீசினானாம். கையை ஓங்கிக்கொண்டு வந்தானாம்.

அதைச் சுகிர்தாவிடம் சொல்லத்தான் பூமிகா அன்று சாயங்காலம் போன் செய்தாள்.

"இன்னா பண்ண அப்போ?" என்றாள் சுகிர்தா பதறிப்போய்.

"நா நவுரவே இல்லக்கா. அடி, இதையும் அந்த நோட்ல எழுதிடறேன்னேன். கொஞ்ச நேரம் அப்டியே நின்னுக்கினு இருந்தாரு. அப்புறம் சட்டைய மாட்டிக்கினு வெளிய பூட்டாரு."

சுகிர்தா சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நைட்டுக்கு நீ அங்க இருக்காத," என்றாள் பிறகு. "புள்ளைய இட்டுக்கினு ஆறரை மணி வண்டிக்கு வந்துரு. நா ஸ்டேஷனாண்ட நிக்கறேன்."